சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எழுத வரவில்லை என்றால்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும் அது உதவும். மகனுக்கு 9 வயது. டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பையும் எழுத்துக்கூட்டலையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு, இருப்பதாகப் பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். வாசிப்பு மெல்ல மெல்ல முன்னேறுகிறது. எழுதச் சொன்னால்தான் அழுகையும் சண்டையும். பார்த்த ஒன்றைப் பத்து நிமிடம் விடாமல் சொல்கிறான். அதையே எழுதச் சொன்னால் இரண்டு வரி, அதிலும் பாதியைப் படிக்க முடியவில்லை. தினமும் இரண்டு பக்கம் பார்த்து எழுத வைக்கிறீர்கள், பலன் இல்லை. டைப் செய்ய விட்டால் கையெழுத்தே வராமல் போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். கடைசியாக, "எனக்கு மட்டும் ஏம்மா வரமாட்டேங்குது?" என்று அவன் கேட்டானே, அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த இரண்டு பக்கத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளோடு பல ஆண்டுகளாக உட்கார்ந்து எழுத்துப் பயிற்சி கொடுத்து வருகிறேன். பார்த்து எழுதியே எழுத வந்துவிட்ட ஒரு பிள்ளையைக்கூட நான் பார்க்கவில்லை. பார்த்து எழுதும்போது என்ன நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். ஓர் எழுத்தைப் பார்க்கிறான், வரைகிறான், அடுத்ததைப் பார்க்கிறான். சொல்லின் ஒலி மனதில் ஓடுவதில்லை, பொருளும் ஓடுவதில்லை. கை வலிப்பதுதான் மிச்சம். எழுத்தைத் தவறான இடத்தில் தொடங்கி 40 தடவை எழுதினால், அந்தத் தவறுதான் கைக்குப் பழகும்.

எழுதுவது வெளியிலிருந்து பார்க்க ஒரே வேலை. உள்ளே ஏழெட்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. என்ன சொல்லலாம் என்று யோசிக்க வேண்டும். எது முதலில், எது அடுத்து என்று முடிவு செய்ய வேண்டும். பேச்சுத் தமிழில் மனதில் தோன்றுவதை எழுத்துத் தமிழாக மாற்ற வேண்டும். அந்த வாக்கியத்தை மறக்காமல் பிடித்து வைத்துக்கொண்டே, முதல் சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலிக்கும் எழுத்தை நினைவிலிருந்து எடுத்து, அதன் வடிவத்தைக் கை வரைய வேண்டும். கோட்டில் நிற்க வேண்டும், இடைவெளி விட வேண்டும். நமக்கு இதில் பாதிக்கு மேல் தானாக நடந்துவிடுவதால் பாரம் தெரிவதில்லை. உங்கள் மகனுக்கு ஒவ்வொன்றும் கவனத்தைக் கேட்கிறது. 'ஞ' எப்படி எழுதுவது என்று தேடி எடுத்து எழுதி முடிப்பதற்குள் வாக்கியத்தின் மீதி மறந்துபோகிறது. அதனால்தான் இரண்டு வரி.

1980களின் தொடக்கத்தில் ஜான் ஹேஸ், லிண்டா ஃபிளவர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் எழுதுவதைத் திட்டமிடுதல், சொற்களாக்குதல், திரும்பிப் பார்த்துத் திருத்துதல் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் கவனித்தது பெரியவர்களை. பின்னால் வர்ஜீனியா பெர்னிங்கர் குழந்தைகளைக் கவனித்து, கையும் எழுத்துக்கூட்டலும் தானாக ஓடாத வரை மற்ற மூன்றுக்கும் மனதில் இடம் மிஞ்சுவதில்லை என்பதை அழுத்திச் சொன்னார். நான் பிள்ளைகளோடு செய்கிற எல்லாமே இதிலிருந்து வருவதுதான். எந்த இடத்தில் சிக்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒன்றைப் பழக்கும் நேரத்தில் மற்ற பாரங்களைப் பெரியவர் தூக்கிக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கேட்கக் கூடாது.

எங்கே சிக்குகிறது என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். ஒரே நாளில் செய்யாமல் நான்கு நாட்களில், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். முதல் நாள், அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லி மொபைலில் பதிவு செய்யுங்கள். இரண்டாம் நாள், அவனுக்கு நன்றாகப் படிக்க வரும் மூன்று வாக்கியங்களைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது, கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். மூன்றாம் நாள், பத்துச் சொற்களை நீங்கள் சொல்ல அவன் எழுதட்டும். நான்காம் நாள், முதல் நாள் சொன்ன அதே விஷயத்தை எழுதட்டும்.

பேச்சு சரளம், பார்த்து எழுதுவதே ஆமை வேகம், பேனா அழுத்தத்தில் தாளின் மறுபக்கம் புடைத்துக்கொள்கிறது, கையை உதறிக்கொள்கிறான் என்றால் சிக்கல் கையில். பார்த்து எழுதுவது பரவாயில்லை, சொல்லச் சொல்ல எழுதும்போது தவறு குவிகிறது என்றால் எழுத்துக்கூட்டலில். இரண்டும் ஓரளவு சரி, ஆனால் தானாக எழுதச் சொன்னால் வெற்றுத் தாளைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான் என்றால் திட்டமிடுவதில். வாயால் சொல்வதே முன்பின்னாக, சொல் கிடைக்காமல் தடுமாறுகிறது என்றால் பிரச்சினை எழுத்துக்கும் முந்தியது; பேச்சு மொழிப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வரி நன்றாக இருந்து போகப் போகச் சிதைந்தால் களைப்போ கவனக் குறைபாடோ காரணமாக இருக்கலாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுக்குச் சொல்லும் திறன் நன்றாக இருக்கிறது. கை, எழுத்துக்கூட்டல் இரண்டிலும் சிக்கல் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகளில் எழுத்துக்கூட்டல் சிக்கல் மிகவும் சாதாரணம். வாசிப்பு சீரான பிறகும் அது நீடிக்கும்.

டிஸ்கிராஃபியா என்ற சொல்லையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எழுதுவதில் உள்ள தொடர்ந்த சிரமத்தைக் குறிக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநல மருத்துவ வகைப்பாட்டுக் கையேடு இதை எழுத்துவழி வெளிப்பாட்டில் உள்ள கற்றல் குறைபாடு என்கிறது. எழுத்துக்கூட்டல், இலக்கணமும் நிறுத்தக்குறிகளும், கருத்தைத் தெளிவாக ஒழுங்குபடுத்துவது ஆகிய மூன்றையும் அதில் சேர்க்கிறது. பெயரைவிட எது சிக்குகிறது என்பதுதான் நமக்கு முக்கியம். இருந்தாலும் பள்ளியில் சலுகை கேட்கும்போது பெயர் தேவைப்படும் என்பதால், அறிக்கையில் எழுத்து பற்றித் தனியாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். சட்டைப் பொத்தான், ஷூ லேஸ், கத்தரிக்கோல் இவற்றிலும் தடுமாறுகிறான் என்றால், அன்றாட வேலைகளுக்கான கை அசைவுகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டுவது அவசியம். கண் பார்வையையும் காதையும் இதுவரை பரிசோதிக்கவில்லை என்றால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஆனால் வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று யாராவது சொன்னால் பணத்தைச் செலவழிக்காதீர்கள். அவற்றால் கற்றல் குறைபாடு குணமாகும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாதெமியும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009இல் கூட்டாகவே அறிவித்திருக்கின்றன.

சரி, கைக்கு வருவோம். களிமண் பிசைவது, மணி கோர்ப்பது, பந்தை அமுக்குவது என்று மாதக்கணக்கில் செய்ய வைப்பார்கள். விளையாட்டாக அவை நல்லவைதான். ஆனால் அவற்றை மட்டும் செய்தால் கையெழுத்து மேம்படுவதில்லை. 2016இல் தான்யா சாண்டேஞ்சலோ, ஸ்டீவ் கிரஹாம் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது இது: கையெழுத்தையே நேரடியாகக் கற்பித்தால் எழுத்து தெளிவாகிறது, வேகம் கூடுகிறது, பிள்ளைகள் எழுதும் விஷயத்தின் நீளமும் தரமும்கூட உயர்கின்றன. வெறும் தசைப் பயிற்சிக்கு அந்தப் பலன் இல்லை.

நேரடியாகக் கற்பிப்பது என்றால் ஒரு நாளைக்கு 10 முதல் 15 நிமிடம், வாரத்தில் நான்கைந்து நாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது பல மடங்கு நல்லது. ஒரு நாளைக்கு இரண்டு எழுத்துகள் போதும். அகர வரிசையை மறந்துவிட்டு, கை ஒரே மாதிரி நகரும் எழுத்துகளைச் சேர்த்து எடுங்கள். ட, ப, ம, ய ஒரு கூட்டம். அவை நேர்கோட்டிலிருந்து பிறப்பவை. சுழியில் தொடங்கும் வ, ல, ன, ண இன்னொரு கூட்டம். எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் போவது என்று நீங்கள் வாயால் சொல்லிக்கொண்டே எழுதிக் காட்டுங்கள். அவனும் வாயால் சொல்லிக்கொண்டே நான்கைந்து முறை எழுதட்டும். பிறகு எழுதியதை மூடிவிட்டு நினைவிலிருந்து ஒரு முறை. கடைசியாக, "இதில் எது உனக்கு நன்றாக வந்திருக்கிறது? வட்டம் போடு" என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள். நல்ல எழுத்து எது என்று அவன் கண் அறிந்துகொள்வது அப்போதுதான்.

உகர வரிசை தமிழில் தனித் தொல்லை. மற்ற குறிகள் பெரும்பாலும் ஒரே வடிவத்தில் இருக்கும்போது, உகரம் எழுத்துக்கு எழுத்து மாறும். அதையும் கூட்டமாகப் பிரித்துக் கொடுத்தால் சுமை குறையும். டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு ஒரு குடும்பம். து, நு, னு, ணு, லு, று ஒரு குடும்பம். 'கு' மட்டும் தனி ஆள். வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று போனால் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

பென்சில் பிடிப்பதைப் பற்றி அதிகம் சண்டை போடாதீர்கள். மூன்று விரல் பிடிதான் சரி என்று நம்மை வளர்த்தார்கள். நான்கு விரல் பிடியிலும் சமமான வேகத்தோடு தெளிவாக எழுதுகிறார்கள். வலி இருந்தால்தான் மாற்ற வேண்டும். இரண்டு பாதமும் தரையில் படுகிறதா, மேசை முழங்கை உயரத்தில் இருக்கிறதா என்பவை அதைவிட முக்கியம்.

எழுத்துக்கூட்டலில்தான் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இதைப் பல பெரியவர்கள் யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 'கெ' என்பதைச் சொல்லிப் பாருங்கள். முதலில் க், பிறகு எ. ஆனால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் 'க' வருகிறது. 'கொ' என்றால் பின்னால் வரும் ஒலியின் குறி எழுத்தின் இரு பக்கமும் நிற்கிறது. கேட்கும் வரிசை வேறு, எழுதும் வரிசை வேறு. ஒலியைப் பிடிப்பதே கடினமான பிள்ளைக்கு இது இரட்டை வேலை. அவன் கொம்பை விட்டுவிடுவதோ பின்னால் போடுவதோ கவனக்குறைவால் அல்ல. நான் செய்வது இதுதான்: எ, ஏ, ஐ, ஒ, ஓ என்று ஒலிக்கும் எழுத்து வந்தால் கையை ஒரு நொடி நிறுத்தி, "முன்னால் என்ன நிற்கும்?" என்று தன்னையே கேட்கப் பழக்குகிறேன். சில வாரங்கள் கொம்பை மட்டும் வேறு நிறத்தில் எழுதச் சொல்வேன். பிறகு நிறத்தை எடுத்துவிடுவேன்.

சொற்களைப் பொறுத்தவரை வாரத்துக்கு ஐந்து சொல் போதும். பாடப்புத்தகப் பட்டியல் வேண்டாம். அவன் எழுதியதில் அடிக்கடி தவறாக வரும் சொற்களிலிருந்து எடுங்கள். சொல்லை அவன் உரக்கச் சொல்ல வேண்டும். எழுத்து எழுத்தாகத் தட்டிப் பிரிக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். பிறகு மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதி, திறந்து, தானே ஒப்பிட வேண்டும். தவறு இருந்தால் அந்த எழுத்தை மட்டும் அடையாளம் காட்டினால் போதும். பத்து முறை எழுத வைக்கும் இம்போசிஷன் வேலையே இங்கே கிடையாது. மிகவும் அடம்பிடிக்கும் சொல் என்றால் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் கிரேஸ் ஃபெர்னால்ட் 1943இல் எழுதி வைத்த பழைய முறை எனக்கு இன்றும் கைகொடுக்கிறது. சொல்லைக் கிரேயானால் பெரிதாக எழுதிக் கொடுத்து, பிள்ளை அதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டே சொல்லைச் சொல்ல வேண்டும். பார்க்காமல் எழுத முடியும் என்று அவனுக்கே தோன்றும் வரை.

ண, ன, ந குழப்பத்துக்கு நம் எழுத்துப் பெயர்களிலேயே வழி இருக்கிறது. 'ட' பக்கத்தில் வருவது டண்ணகரம், 'ற' பக்கத்தில் வருவது றன்னகரம், 'த' பக்கத்தில் வருவது தந்நகரம். வண்டி, கன்று, பந்து. இந்த மூன்று சொற்களையும் படத்தோடு சுவரில் ஒட்டிவிட்டால், நூற்றுக்கணக்கான சொற்களில் யோசிக்காமலே சரியான எழுத்து வரும். ல, ள, ழ அப்படி அல்ல. அதற்குக் குறுக்கு வழி இல்லை; சொல் சொல்லாகத்தான் பழக வேண்டும். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் எல்லாவற்றையும் இப்போதைக்குத் தொடவே தொடாதீர்கள்.

இனி, எழுதுவதில் உண்மையான பகுதி. அதாவது, தன் மனதில் இருப்பதைத் தாளில் கொண்டுவருவது. கையும் எழுத்துக்கூட்டலும் சரியான பிறகு இதைத் தொடங்கலாம் என்று காத்திருந்தால் அவனுக்குப் பதினைந்து வயது ஆகிவிடும். தனி நேரத்தில், தனி வேலையாக, இதை இன்றே தொடங்க வேண்டும். இந்த நேரத்தில் கையெழுத்தையும் பிழையையும் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

எனக்கு ஒரு மாணவன் இருந்தான், 11 வயது. ஆக்டோபஸ் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. எழுதச் சொன்னால் "ஆக்டோபஸ் கடலில் வாழும்" என்று ஒரே வரி எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுவான். ஒரு நாள் அவன் பேசப் பேச நான் சின்னச் சின்னத் துண்டுத் தாள்களில் குறித்துக்கொண்டே போனேன். 'மூன்று இதயம்', 'நீல ரத்தம்', 'எலும்பு இல்லை', 'நிறம் மாறும்' என்று 14 துண்டுகள் சேர்ந்துவிட்டன. அவற்றை மேசையில் பரப்பி, "எதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும்?" என்று கேட்டேன். உடம்பு பற்றியவை ஒரு பக்கம், எதிரியிடம் தப்பிப்பது ஒரு பக்கம் என்று அவனே அடுக்கினான். முதல் நாள் அவன் எழுதியது ஒரே ஒரு துண்டை. மீதியை அவன் சொல்ல நான் எழுதினேன். அடுத்த வாரம் இரண்டு துண்டு. மூன்றாவது மாதத்தில் துண்டுகளை அவனே எழுதினான், பிழைகளோடுதான். ஒரு பக்கக் கட்டுரை எழுத ஏழு மாதம் பிடித்தது. அது பிழையில்லாத கட்டுரை அல்ல. ஆனால் அதில் சொன்னது முழுக்க அவன் சொல்ல நினைத்தது.

இப்படிப் படிப்படியாகப் பாரத்தை மாற்றிக் கொடுக்கும் முறையைக் கேரன் ஹாரிஸ், ஸ்டீவ் கிரஹாம் இருவரும் 1980களிலிருந்து ஒழுங்கான பாடத்திட்டமாகவே வளர்த்திருக்கிறார்கள். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கியதுதான் அது. முதலில் ஒரு எளிய உத்தியைப் பேசிப் புரிய வைப்பது. பிறகு பெரியவர் வாய்விட்டு யோசித்துக்கொண்டே எழுதிக் காட்டுவது. உத்தியை மனப்பாடம் ஆக்குவது. சேர்ந்து எழுதுவது. கடைசியில் தனியாக எழுத விடுவது. இதில் வீட்டில் யாரும் செய்யாதது, வாய்விட்டு யோசித்துக் காட்டுவதுதான். நாம் எழுதும்போது அவனுக்குத் தெரிவது நம் முதுகும் நகரும் பேனாவும் மட்டுமே. உள்ளே நமக்கும் தடுமாற்றம் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. அதனால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லுங்கள்: "எப்படி ஆரம்பிக்கறது... ஒண்ணும் தோணலை. சரி, யார் வர்றாங்கன்னு முதல்ல எழுதுவோம். ஒரு நாய்க்குட்டி. எங்கே? மழையில. இந்த வரி நல்லா இல்லை, பரவாயில்லை, அப்புறம் மாத்திக்கலாம்." இந்தப் பேச்சுதான் அவனுக்குத் தேவையான பாடம். சில வாரங்களில் அவனே அதை முணுமுணுக்கத் தொடங்குவான்.

கதைக்கு உத்தி: யார், எங்கே, எப்போது, என்ன விரும்பினார்கள், என்ன நடந்தது, எப்படி முடிந்தது, மனதில் எப்படி இருந்தது. கருத்து எழுத: நான் நினைப்பது, மூன்று காரணம், முடிவு. இவற்றை அட்டையில் எழுதி மேசை மேல் வைத்துவிடுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையை அட்டை பார்த்துக்கொள்ளும்.

முதல் வரைவைப் பேச்சுத் தமிழிலேயே எழுத விடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வரும். 'மழை பேஞ்சுது, நான் நனைஞ்சுட்டேன்' என்று எழுதட்டும். பேச்சிலிருந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது தனி வேலை. அதை அடுத்த நாள், இரண்டாவது வரைவில், சேர்ந்து செய்யலாம். முதல் நாளே இரண்டையும் கேட்டால் மழையும் வராது, நனைந்ததும் வராது.

வாக்கியங்கள் எல்லாம் துண்டு துண்டாக, "அப்புறம்... அப்புறம்..." என்று வந்தால் வாக்கியங்களைச் சேர்க்கும் விளையாட்டு ஆடுங்கள். "அவன் எழுந்தான். அவன் முகம் கழுவினான். அவன் ஓடினான்." இதை ஒரே வாக்கியமாக்கச் சொன்னால் "எழுந்து முகம் கழுவிவிட்டு ஓடினான்" என்று வாயாலேயே சொல்லிவிடுவான். "நாய் குரைத்தது. நாய்க்குப் பசி." என்றால் "பசித்த நாய் குரைத்தது." வினையெச்சம், பெயரெச்சம் என்ற பெயர்கள் தெரியாமலே அவற்றைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வான். கிரஹாமும் டோலோரஸ் பெரினும் 2007இல் நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, எழுத்தின் தரத்தை மிக அதிகமாக உயர்த்தியவற்றில் உத்திகளைக் கற்பிப்பதும் சுருக்கி எழுதப் பழக்குவதும் முன்னால் நின்றன. வாக்கியங்களைச் சேர்ப்பதும் பலன் தந்தது. இலக்கணத்தை மட்டும் தனியாக எடுத்து நடத்தியது எதிர்மறையான பலனையே காட்டியது.

திருத்துவது பற்றி. அவன் எழுதியதைக் கொடுத்ததும் முதலில் அதில் சொல்லப்பட்டதற்குப் பதில் சொல்லுங்கள். "நாய்க்குட்டிக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். பிறகு ஒரே ஒரு வகைத் தவறை மட்டும் எடுங்கள், உதாரணமாக இந்த வாரம் முற்றுப்புள்ளி. மற்ற 20 தவறுகள் உங்கள் கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள். இது கடினம் என்று எனக்குத் தெரியும். பக்கம் முழுக்கச் சிவப்பு மையைப் பார்க்கும் பிள்ளை அடுத்த முறை தவறைக் குறைப்பதில்லை; எழுதுவதைக் குறைத்துக்கொள்கிறான். அவனுக்கு எழுதத் தெரிந்த சுலபமான சொற்களை மட்டும் வைத்துச் சின்னதாக முடித்துவிடுவான். தவறைத் தானே கண்டுபிடிக்க, மொபைலையோ கணினியையோ அவன் எழுதியதை உரக்க வாசிக்க வைக்கலாம். கண்ணுக்குத் தப்பியது காதில் பட்டுவிடும்.

டைப் செய்வது பற்றிய பயத்துக்கு வருகிறேன். 1987இல் சார்லஸ் மெக்கார்தரும் கிரஹாமும் கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களைக் கையால் எழுதியும், கணினியில் தட்டியும், வாயால் சொல்லியும் கதை சொல்ல வைத்தார்கள். வாயால் சொன்ன கதைகள் நீளமாகவும் தரமாகவும் இருந்தன. கையாலும் கணினியிலும் எழுதியவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். பிள்ளையின் உண்மையான திறன் கையெழுத்துக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. அதேபோல், கணினியைக் கையில் கொடுத்தாலே எழுத்து வந்துவிடாது. விசைகளைத் தேடித் தேடித் தட்டுவதும் கையெழுத்தைப் போலவே கவனத்தைத் தின்னும். டைப் செய்யவும் சொல்லித்தர வேண்டும், தினம் பத்து நிமிடம், சில மாதங்கள்.

தமிழில் டைப் செய்யப் பெரும்பாலோர் ஆங்கில எழுத்துகளில் தட்டித் தமிழாக மாற்றுகிறார்கள். உங்கள் மகனுக்கு அதைக் கொடுக்காதீர்கள். ஒரு மொழியின் எழுத்தோடு போராடுபவன் நடுவில் இன்னொரு மொழியின் எழுத்தையும் சுமக்க வேண்டியிருக்கும். தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகை நல்லது. அதில் 'க' தட்டி 'ஒ' தட்டினால் 'கொ' வந்துவிடும். கேட்கும் வரிசையிலேயே தட்டலாம். கொம்பையும் துணைக்காலையும் உரிய இடத்தில் கணினி போட்டுக்கொள்ளும். மேலே சொன்ன கொம்புச் சிக்கல் அங்கே எழுவதே இல்லை. குரல் வழித் தட்டச்சும் முயன்று பாருங்கள். ஆனால் அது பேச்சுத் தமிழைக் கேட்டுத் தவறாக எழுதும்போது, வாசிப்பில் சிரமம் உள்ள பிள்ளையால் தனியாகத் திருத்த முடியாது. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

இதனால் கையெழுத்து வராமல் போய்விடாது. கையெழுத்துப் பயிற்சிக்கு அந்த 15 நிமிடம் தனியாக இருக்கிறதே. அது தொடரட்டும். யோசித்து எழுதும் நேரத்தில் மட்டும் கை அவனைத் தடுக்காமல் இருக்கட்டும்.

பள்ளியில் ஆசிரியரிடம் பொதுவாக "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் எதுவும் நடக்காது. குறிப்பாகக் கேளுங்கள். கரும்பலகையில் இருப்பதை எழுதி எடுப்பதற்குப் பதில் போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதி. பத்துக் கேள்வியில் நான்கை எழுதிவிட்டு மீதியை வாயால் சொல்ல அனுமதி. வீட்டுப்பாடம் 30 நிமிடத்தைத் தாண்டினால் அங்கேயே நிறுத்தி நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்ப ஒப்புதல். அறிவியல், சமூக அறிவியல் விடைத்தாள்களில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமை. பல நாடுகளில் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுதுபவரும் சட்டப்படியே கிடைக்கும். சொல்லி எழுத வைப்பதும் ஒரு திறன் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எங்கே நிறுத்துவது, முன்பு சொன்னதை எப்படித் திருத்தச் சொல்வது என்பதெல்லாம் பழக வேண்டியவை. தேர்வு அறையில் முதல் தடவையாக அதைச் சந்தித்த பிள்ளைகள் தடுமாறிப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் முன்பே வீட்டில் தொடங்கிவிடுங்கள்.

கடைசியாக அவன் கேட்ட கேள்வி. "உனக்கு வரும், நன்றாக முயற்சி செய்" என்று சொல்லாதீர்கள். அவன் ஏற்கெனவே மற்றவர்களைவிட அதிகமாக முயற்சி செய்கிறான். இந்தப் பதில் அது போதவில்லை என்று அவனுக்குக் கேட்கும். நான் பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன்: "உன் மூளை ஒலியையும் எழுத்தையும் இணைப்பதற்கு அதிக நேரம் எடுக்கிறது. அது உன் தப்பு இல்லை. அதனால் எழுதுவது உனக்கு மற்றவர்களைவிடக் கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். எந்த இடம் கஷ்டம் என்று இப்போது நமக்குத் தெரியும், அந்த இடத்தை மட்டும் சேர்ந்து பழகப்போகிறோம்." பிறகு, முதல் நாள் பதிவு செய்தீர்களே, அவன் பேச்சு, அதைக் கேட்டு ஒரு சொல்கூட மாற்றாமல் நீங்கள் தாளில் எழுதி, தேதி போட்டு, அவன் பெயரையும் கீழே எழுதி அவன் கையில் கொடுங்கள். அது எத்தனை வரி வருகிறது என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள்.